கார் மிஸ் அடிக்கிறது, எந்தக் கிளீனர் ஊற்றலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். கிழமைக்கு இரண்டு பேராவது கையில் ஒரு பெற்றோல் கிளீனர் போத்தலோடு வந்து, "அண்ணை, இதை ஊத்தினா நடுக்கம் நிக்குமோ?" என்று கேட்கிறார்கள். ஆளுக்கு அரை மணித்தியாலம் விளக்கம் சொல்லப்போய், வேலைக்கு வந்த கார்கள் அப்படியே நிற்கின்றன. அதனால் வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் எழுதிவைத்துவிட்டேன். மிஸ் அடிப்பது என்றால், ஒரு சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியாமல் எஞ்சின் விக்குவது.

கார் நடுங்குகிறது, இழுவையும் இல்லை. கிளீனர் வாங்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். பெற்றோல் போகிற வழியில் படிந்த கரியையும் பிசினையும் கரைப்பதுதான் கிளீனரின் வேலை. பெற்றோல் தொடாத இடத்தை அதுவும் தொடாது. தீப்பொறி தரும் பிளக் தேய்ந்திருந்தாலும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் பழுதானாலும், காற்றுக் குழாய் வெடித்திருந்தாலும், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் இறங்கியிருந்தாலும் கார் நடுங்கத்தான் செய்யும். அதற்குப் பத்துப் போத்தல் ஊற்றினாலும் காசுதான் கரையும்.

என் சொந்தக் கதையையே சொல்கிறேன். முன்பு நான் வைத்திருந்த ஆல்ட்டோ சிக்னலில் நிற்கும்போது விக்கிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் என்ற திமிரில் எதையும் பார்க்காமல் ஒரு போத்தல் ஊற்றினேன். மாற்றம் இல்லை. அடுத்த தாங்கிக்கு இன்னொன்று. அதற்கும் இல்லை. கடைசியில் ஒரு நாள் இரவு, ஊர் அடங்கியபின் பொனட்டைத் திறந்து காதைக் கிட்டக் கொண்டுபோனபோது "ஸ்ஸ்" என்று மெல்லிய சத்தம். எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்து விடும் இன்டேக் மனிபோல்டுக்குப் பின்னால் பென்சில் மொத்தத்தில் ஒரு ரப்பர் குழாய், அதன் வளைவில் நக நீளத்துக்கு ஒரு வெடிப்பு. விரலால் பொத்தினேன், எஞ்சின் அமைதியானது. எடுத்தேன், மறுபடி விக்கியது. ஒரு சாண் குழாய் மாற்றியதோடு வேலை முடிந்தது.

இன்னொன்று. எங்கள் ஊரில் ஓடுகிற கார்களில் பாதிக்கு மூன்று சிலிண்டர்தான்: ஆல்ட்டோ, வகன் ஆர், 2005க்குப் பிந்திய ஆயிரம் சிசி விட்ஸ். மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு ஐடிலில், அதாவது கார் நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, ஒரு சின்ன நடுக்கம் பிறவியிலேயே உண்டு. முன்பு நான்கு சிலிண்டர் கார் வைத்திருந்தவர்கள் இதைப் பழுது என்று நினைத்து வருவார்கள். நடுக்கம் ஒரே தாளத்தில் இருந்தால் பயமில்லை. தாளம் தப்பித் தப்பி அடித்தால்தான் தேட வேண்டும்.

கிளீனருக்கு முன் எதை எதைப் பார்ப்பது?

முதலில் பிளக். கழற்றி நுனியைப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் எரிதல் சரி. காய்ந்த கரிபோலக் கறுப்பு என்றால் பெற்றோல் கூடுதலாக எரிகிறது, அல்லது காற்று போதவில்லை. எண்ணெய்ப் பசை ஒட்டினால் ஒயில் மேலே வருகிறது, அது கிளீனர் விஷயமே இல்லை. ஒரே ஒரு பிளக் மட்டும் ஈரமாகப் பெற்றோல் மணத்தோடு வந்தால் பெரும்பாலும் அந்த சிலிண்டருக்குத் தீப்பொறி போகவில்லை.

அடுத்தது ஏர் பில்ரர். மழையில்லாத மாதங்களில் உள்வீதிகளில் ஓடுகிற கார்களின் பில்ரரைத் தட்டினால் செம்மண் கொட்டும்.

பிறகு ஸ்கானர், காரின் கொம்பியூட்டர் பதிந்துவைத்த பிழைக் குறியீட்டை வாசிக்கிற கருவி. பி 0300 என்று வந்தால் மிஸ் அடிப்பது எந்த சிலிண்டர் என்று நிலையாகச் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். பி 0301 என்றால் முதலாவது, 0302 என்றால் இரண்டாவது, இப்படியே போகும். 0301 வந்தால் நான் செய்வது: முதலாவது சிலிண்டரின் கொயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி, பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓடுவேன். திரும்ப ஸ்கான் செய்யும்போது 0302 வந்தால் கொயில்தான் குற்றவாளி. 0301 ஆகவே நின்றால் பிளக்கையும் இதேபோல மாற்றிப் பார்ப்பேன். அதற்கும் அசையாவிட்டால்தான் பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்ரர், சிலிண்டருக்குள் அமுக்கம் (கொம்பிரஷன்) என்ற பேச்சு. செலவில்லாத சோதனை, பத்து நிமிட வேலை.

பி 0171 என்றால் கலவையில் காற்று கூட, பெற்றோல் குறைவு. காற்று எங்கோ கள்ளமாக நுழைகிறது, அல்லது பெற்றோல் பம்ப் வலுவிழந்திருக்கிறது, அல்லது இன்ஜெக்ரர் அடைத்திருக்கிறது. அந்தக் கடைசிக் காரணத்துக்குத்தான் போத்தல்.

செக் எஞ்சின் லைற் விட்டு விட்டு மின்னுகிறது. கடைக்குப் போய்க் கிளீனர் வாங்கிவரலாமா?

அந்தக் காரிலேயே போகாதீர்கள். நிலையாக எரிந்தால் ஆறுதலாகப் பார்க்கலாம். மின்னினால் எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போகிறது. அது புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலைக்கு எத்தனையோ பெட்டி கிளீனர் வாங்கலாம்.

கொஞ்சத் தூரம்தானே ஓடுகிறேன், இன்ஜெக்ரர் எப்படி அடைக்கும்?

கொஞ்சத் தூரம் ஓடுவதால்தான் அடைக்கிறது. காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்குகிறீர்கள், நிறுத்துகிறீர்கள். திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறீர்கள், நிறுத்துகிறீர்கள். பிறகு வங்கி, வீடு. எஞ்சின் ஓடும்போது உள்ளே போகிற பெற்றோலே இன்ஜெக்ரரைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும். நிறுத்தியவுடன் பெற்றோல் ஓட்டமும் இல்லை, தண்ணீர் ஓட்டமும் இல்லை. எஞ்சின் சூடு மேலேறி இன்ஜெக்ரர் நுனியில் ஒட்டியிருக்கும் ஒரு சொட்டுப் பெற்றோலைக் காய்ச்சும். அதன் லேசான பகுதி ஆவியாகிவிடும், பாரமான பகுதி பிசினாகப் படியும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு மெல்லிய பூச்சு. நாளுக்கு ஐந்து தரம் நிறுத்துகிற கார் 50 கிலோமீற்றர்கூட ஓடியிராது, பூச்சு மட்டும் ஏறும். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஓடுகிற காரில் இந்தத் தொல்லை எவ்வளவோ குறைவு.

மர நிழலில் ஏசி போட்டபடி ஐடிலில் ஆளுக்காகக் காத்திருப்பதும் இதே கணக்கில்தான் சேரும்.

போத்தலில் எதைப் பார்த்து வாங்குவது?

படத்தைப் பார்க்காதீர்கள், மருந்தைப் பாருங்கள். பெற்றோல் கிளீனர்களை மூன்று சாதியாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பொலிஈதர் அமீன் உள்ளவை. போத்தலில் பி.ஈ.ஏ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளாக இருக்கும். இன்ஜெக்ரரையும் வால்வையும் கழுவுவதோடு, எரிகிற அறைக்குள் இருக்கும் சூட்டையும் தாங்கி, பிஸ்டன் தலையில் இருக்கும் கரியையும் இளக்கும். மிஸ் அடிக்கிற காருக்கு என்றால் நான் இதைத்தான் தேடச் சொல்வேன். ஷெவ்ரோனின் டெக்ரோன் இந்த வகையில் பெயர் எடுத்தது.

இரண்டாவது, பொலிஐசோபியூட்டிலீன் அமீன். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்ஜெக்ரரையும் இன்டேக் வால்வையும் சுத்தமாக வைத்திருக்க நல்லது. ஆனால் எரிகிற அறையில் முழுதாக எரியாமல் அதுவே கொஞ்சம் படிவை விடக்கூடும். சுத்தமாக இருக்கும் எஞ்சினை அப்படியே வைத்திருக்கப் பரவாயில்லை, ஏற்கனவே கரி பிடித்ததைத் திருத்த இது என் முதல் தெரிவு அல்ல.

மூன்றாவது, வெறும் கரைப்பான்கள்: நாப்தா, லேசான எண்ணெய், கொஞ்சம் அல்ககோல். புதிய பிசினை ஓரளவு இளக்கும், பழைய கார்களில் இன்ஜெக்ரருக்குப் பதிலாக இருக்கும் காபரேற்றருக்கு உதவும். சுட்டு இறுகிய கரிக்கு முன்னால் நிற்காது.

சில போத்தல்களில் உள்ளே என்ன என்று ஒரு வரியும் இராது, "பவர்", "அல்ட்ரா" என்று மட்டும் இருக்கும். அப்போது போனை எடுத்து அந்தப் பொருளின் பெயரோடு பாதுகாப்புத் தரவுத்தாளைத் தேடுங்கள். நேர்மையான தயாரிப்பாளர்கள் இணையத்தில் போட்டிருப்பார்கள். அதில் மண்ணெண்ணெய் இனத்துச் சாமான் மட்டும் வரிசையாக இருந்து, அமீன் எதுவும் இல்லையென்றால் ராக்கையிலேயே திரும்ப வையுங்கள்.

கடையில் நடக்கிற இன்னொரு குழப்பம். ஒக்ரேன் பூஸ்ரர், தண்ணீர் அகற்றி, இன்ஜெக்ரர் கிளீனர் மூன்றும் ஒரே ராக்கையில், ஒரே கம்பனியின் ஒரே நிறப் போத்தலில் நிற்கும். டீசலுக்கு உரியதும் பக்கத்திலேயே இருக்கும். பெயரை முழுதாக வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கிளீனர் ஊற்றியும் பலனில்லாத எஞ்சின் உண்டா?

உண்டு, இதைத்தான் நிறையப் பேர் அறியாமல் இருக்கிறார்கள். சாதாரண எஞ்சினில் பெற்றோல் இன்டேக் வால்வின் முதுகில் பட்டுத்தான் உள்ளே போகும். அதனால் கிளீனர் கலந்த பெற்றோல் வால்வையும் கழுவும். நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சினில் பெற்றோல் நேராக சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது. வால்வின் முதுகை அது தொடுவதே இல்லை. அங்கே கரி ஏறினால் தாங்கியில் எதை ஊற்றினாலும் போய்ச் சேராது. மனிபோல்டைக் கழற்றித்தான் சுரண்ட வேண்டும், அல்லது உடைத்த வால்நட் கோதை வேகமாக வீசி அடிக்கிற முறை ஒன்று இருக்கிறது.

மிற்சுபிஷி 1996 இல் ஜிடிஐ என்று கொண்டுவந்தது இந்த வகைதான். ரொயோட்டாவில் டி-4 என்று எழுதியிருந்தாலும் இதுதான். எங்கள் வீதிகளில் அதிகம் காணும் முதல் தலைமுறை ஹொண்டா வெஸலும் நேரடி இன்ஜெக்ஷன். இவற்றுக்குக் கிளீனரே வேண்டாம் என்பதல்ல. இன்ஜெக்ரர் நுனிக்கு அது உதவும், வால்வுக்குத்தான் உதவாது.

திரொட்டில் பொடி அழுக்கு?

அதுவும் பெற்றோல் வராத இடம். ஏர் பில்ரருக்கு அப்பால், எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் வட்டத் தகட்டின் ஓரத்தில் கறுப்பு வளையம் படிந்திருந்தால் ஐடில் ஏறி இறங்கும். திரொட்டிலுக்கு உரிய ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். மின்சாரத்தால் திறக்கும் தகட்டை விரலால் அழுத்தித் திறக்காதீர்கள், உள்ளே பல்லுச் சக்கரம் உடையும். துடைத்தபின் ஐடில் கூடினால் பதற வேண்டாம், அழுக்கோடு பழகிய கொம்பியூட்டர் புதிதாகப் பழக வேண்டும். காற்றை அளக்கும் சென்சருக்கு இந்த ஸ்பிரேயை அடிக்கக் கூடாது, அதற்கு வேறு இருக்கிறது.

எவ்வளவு, எப்படி ஊற்றுவது?

போத்தலில் எத்தனை லீற்றருக்கு என்று எழுதியிருக்கும். அதைத்தான் நம்ப வேண்டும். ஆனால் பலர் தாங்கி அளவை மறந்துவிடுகிறார்கள். 300 மில்லிலீற்றர் போத்தல் 60 லீற்றருக்கு என்று இருந்தால், லீற்றருக்கு 5 மில்லிலீற்றர். ஜப்பான் வகன் ஆரின் தாங்கி 27 லீற்றர்தான். அதற்கு 135 போதும், அரைப் போத்தலுக்கும் குறைவு. ஆல்ட்டோவின் 35 லீற்றருக்கு 175. மருந்துக் கடையில் வாங்கிய 50 மில்லி சிரிஞ்சு ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன்.

தாங்கி கால்வாசிக்கு இறங்கியதும் முதலில் கிளீனரை ஊற்றிவிட்டு, பெற்றோல் செற்றில் நிரப்புங்கள். மேலிருந்து விழுகிற பெற்றோலே கலக்கிவிடும். பெயின்ரில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஊற்றியபின் ஏ9 நெடுஞ்சாலையில் ஓடியே ஆகவேண்டுமா?

கட்டாயமில்லை, ஆனால் நல்லது. ஊருக்குள் நிறுத்தி நிறுத்தி ஓடினால் கழுவுவதும் படிவதும் மாறி மாறி நடக்கும். கிளிநொச்சிவரை போய்த் திரும்பினால் 130 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும், எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும். அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற அலுவலை அந்தக் கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாங்கியைக் கால்வாசிவரை இறக்கிவிட்டே அடுத்த பெற்றோல் அடியுங்கள், இடையில் நிரப்பினால் மருந்தின் வீரியம் குறையும்.

இரண்டு போத்தல் ஒன்றாக ஊற்றினால் கெதியாகச் சரிவருமா?

வராது. கூடினால் எரிதல் கெடும், மிச்சம் ஒயிலில் இறங்கும். இரண்டு பிராண்டைக் கலப்பதும் வேண்டாம்.

95 பெற்றோல் அடித்தால் தானாகச் சுத்தமாகாதா?

92, 95 என்பது சுத்தத்தின் அளவு இல்லை. அழுத்தத்தில் பெற்றோல் நேரத்துக்கு முந்தி வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. 92 போதும் என்று தயாரிப்பாளர் சொன்ன காருக்கு 95 அடித்தால் கரி கரையாது. உங்கள் கார் 95 கேட்கிற கார் என்றால் அது வேறு, அதற்கு 92 அடித்து வருகிற தட்டுச் சத்தத்தைக் கிளீனர் தீர்க்காது.

ஐயா, அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயிலேயே கார் ஓடினோம். கொஞ்சம் கலந்தால் கழுவாதோ?

இதைக் கேட்பவர்கள் எல்லோரும் அறுபது தாண்டியவர்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் பெற்றோல் பொன்னாக இருந்தபோது, காபரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40 ஐயும் நானும் சின்ன வயதில் தள்ளியிருக்கிறேன். அந்தப் புகையின் மணம் இப்போதும் மூக்கில் நிற்கிறது.

ஆனால் அந்த எஞ்சின்கள் கலவையை ஏழு எட்டு மடங்குக்குத்தான் அமுக்கின. இப்போதைய எஞ்சின்கள் பத்துக்கு மேல் அமுக்குகின்றன. அதில் மண்ணெண்ணெய் கலந்தால் தட்டும், கரி கூடும், ஒக்சிசன் சென்சர் கெடும். அன்று அதை ஊற்றியது கழுவுவதற்கு அல்ல, வேறு இல்லாததால். பிறகு எஞ்சின் தலையைக் கழற்றிக் கரி சுரண்டிய கதையையும் அவர்களிடமே கேளுங்கள். தின்னரும் வேண்டாம், அது ரப்பர் வளையங்களைத் தின்றுவிடும்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறோம். போன நல்லூர்த் திருவிழாவுக்குப் பிறகு கார் கொட்டிலுக்குள்ளேயே நின்றது. இப்போது குலுக்குகிறது.

ஆவணி மாதத்தில் எனக்கு வருகிற வேலையில் பெரும்பங்கு இதுதான். தாங்கி மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். பெற்றோலின் கூர்மையான மணம் போய், பழைய வார்னிஷ்போல மணந்தால் பெற்றோல் பழுதாகிவிட்டது. அதற்குக் கிளீனர் ஊற்றுவது புளித்த பாலுக்குச் சீனி போடுவதுபோல. இறக்கிவிட்டுப் புதிது நிரப்புங்கள், முடிந்தால் பில்ரரும் மாற்றுங்கள். அதற்குப் பிறகு ஒரு போத்தல் ஊற்றுவது நியாயம். பற்றரியையும் பாருங்கள், வோல்ற்றேஜ் இறங்கினாலும் ஐடில் ஆடும். ஒருமுறை ஒரு அக்சியோ காருக்கு மூன்று பேர் கிளீனர் சொல்லியிருந்தார்கள். திறந்தால், இன்ஜெக்ரர் வயரை எலி கடித்து, பக்கத்திலேயே தும்பில் கூடு கட்டியிருந்தது.

அடுத்தமுறை போகும்போது, கிழமைக்கு ஒருதரம் யாராவது ஸ்ரார்ட் செய்து அரை மணித்தியாலம் ஓடச் சொல்லிவிட்டுப் போங்கள். ஸ்ரார்ட் செய்து இரண்டு நிமிடத்தில் நிறுத்துவதென்றால் செய்யாமலே விடலாம்.

மாரியில் மட்டும் விக்குகிறது.

கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் கலந்த பெற்றோலைச் சந்தேகிக்கலாம். கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஒரு மணித்தியாலம் வையுங்கள், தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். கண்ணால் தெரிகிற அளவு நின்றால் தாங்கியை இறக்கத்தான் வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் கொயில், பிளக் வயர் பக்கம் ஈரம் போகிறதா என்று பாருங்கள். இரவில் பொனட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால், கசிகிற இடத்தில் நீலப் பொறி தெரியும்.

டீசல் வானுக்கு இதையே ஊற்றலாமா?

கூடாது. டீசல் பம்பும் இன்ஜெக்ரரும் டீசலின் வழுவழுப்பில்தான் தேயாமல் ஓடுகின்றன. பெற்றோல் கிளீனர் அதைக் குறைக்கும். டீசலுக்கு என்று எழுதியதையே வாங்குங்கள். அதற்கும் முன்னால் பில்ரர் அடியில் சேர்கிற தண்ணீரை இறக்குங்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஓடுகிற ஹயேஸ்காரர்கள் அதை மறப்பதில்லை, வீட்டு வான்காரர்கள்தான் மறக்கிறார்கள்.

புகைப் பரிசோதனைக்கு முதல் நாள் ஊற்றினால் பாஸ் ஆகுமா?

முதல் நாள் ஊற்றிப் பயனில்லை. ஒரு முழுத் தாங்கி எரிந்தபின் போங்கள், எஞ்சின் நல்ல சூட்டோடு போங்கள். பெற்றோல் காரில் காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். ஐதரோகாபன் கூடினால் பெரும்பாலும் மிஸ் அடிப்பது காரணம், பிளக்கைப் பாருங்கள். காபன் மொனொக்சைட் கூடினால் ஏர் பில்ரர், ஒக்சிசன் சென்சர்.

1960 ஆம் ஆண்டு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் வைத்திருக்கிறேன். அதற்கு?

மெதுவாகத் தொடங்குங்கள், சொன்ன அளவில் பாதி. பழைய தாங்கிக்குள் துருவும் பிசினும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். பலமான கிளீனர் அதை ஒரேயடியாக இளக்கினால் எல்லாம் காபரேற்றர் ஜெற்றுக்குள் வந்து நிற்கும். ஒரு பில்ரரைக் கையோடு வைத்திருங்கள். உண்மையில் அந்தக் காருக்குக் காபரேற்றரைக் கழற்றிக் கழுவுவதுதான் மலிவு.

எத்தனை போத்தலோடு நிறுத்துவது?

இரண்டு தாங்கி. முதல் தாங்கியிலேயே கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தால் இரண்டாவதுக்கும் ஊற்றலாம். ஒன்றும் தெரியாவிட்டால் அத்தோடு விட்டுவிட்டு இன்ஜெக்ரரைக் கழற்றக் கொடுங்கள். அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டுக் கழுவி, ஒவ்வொன்றும் எவ்வளவு பீச்சுகிறது என்று கண்ணாடிக் குழாயில் பிடித்துக் காட்டுவார்கள். எல்லாக் குழாயிலும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். கூடவே ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையதையே திரும்ப மாட்டினால் பெற்றோல் கசியும்.

கார் சரியாகிவிட்டால், ஊருக்குள்ளேயே ஓடுகிற காருக்கு 10,000 கிலோமீற்றருக்கு ஒருதரம் போதும். ஒயில் மாற்றுவதற்கு முந்திய தாங்கியில் ஊற்றுங்கள். பிஸ்டன் வளையத்தைத் தாண்டி ஒயிலில் இறங்குகிற கொஞ்சமும் பழைய ஒயிலோடு போய்விடும்.